தேய்ந்துபோன வெள்ளி நாணயங்களை ஏன் சிலர் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள்?

முகமே சரியாகத் தெரியாத பழைய வெள்ளி ரூபாயில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னை இழுப்பது அந்தத் தேய்மானம்தான். பளபளக்கும் காசு பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். தேய்ந்த காசு கூலி, வட்டி, மொய், சந்தை என்று கை மாறி மாறி வந்திருக்கும்.

1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேடான இடங்கள்தான் முதலில் மழுங்கும்: கிரீடம், காதோரத்து முடி. விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருந்தால், யாரோ வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். சின்னதாக ஒரு குத்து முத்திரை தெரிந்தால், காசு மாற்றுபவர் எவரோ வெள்ளி நல்லதுதானா என்று சோதித்திருக்கலாம். எனக்கு இவைதான் உயிர்.

புதிதில் இதன் எடை 11.66 கிராம், ஏறக்குறைய 92 சதவீதம் வெள்ளி. 1940-இல் ரூபாயில் இருந்த வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது, 1947-இல் நிக்கல் ரூபாயே வந்துவிட்டது. தேய்ந்த சாதாரணக் காசு பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே கிடைப்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கும் கட்டுப்படியாகும். வாங்கியதும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நாள்பட்டுப் படிந்த கருமையோடு இருக்கும் காசைத்தான் சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள்.