லெஸ்லி சத்தம் கிட்டாரில்: ரோட்டரி பெடல் கேள்வி பதில்

சுழலும் ஸ்பீக்கர் சத்தத்தைத் தரும் பெடல்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ. ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்த இடத்தில் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட நல்ல கோரஸ் பெடல் இருக்கு. வேகத்தைக் கூட்டி வெச்சா ரோட்டரி சத்தம் வந்துடுமே, அப்புறம் எதுக்குத் தனியா ஒண்ணு?

வராது தம்பி. முதலில் லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டொனால்டு லெஸ்லி 1940களின் தொடக்கத்தில் ஹாம்மண்ட் ஆர்கனுக்காகக் கொண்டுவந்தது. எல்லோரும் கொண்டாடும் 122 மாடலில் 40 வாட் வால்வ் ஆம்ப் இருக்கிறது, அதிலிருந்து வரும் சத்தம் 800 ஹெர்ட்ஸில் இரண்டாகப் பிரிகிறது. மேல் பகுதி சுழலும் ஹார்னுக்குப் போகும், கீழ்ப் பகுதி 15 அங்குல ஸ்பீக்கரிலிருந்து கீழ்நோக்கி ஒரு சுழலும் டிரம்முக்குள் இறங்கும். ஹார்னில் இரண்டு வாய் தெரியும், ஆனால் சத்தம் ஒன்றில்தான் வரும், மற்றது எடைச் சமநிலைக்காக வைத்தது. ஹார்னும் டிரம்மும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். மெதுவில் நிமிடத்துக்கு 40, 50 சுற்று, வேகத்தில் சுமார் 400.

ஹார்னின் வாய் மையத்திலிருந்து 18 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 400 சுற்றில் அது வினாடிக்கு ஏழரை மீட்டர் ஓடுகிறது. ஒலியின் வேகத்தில் இது 2 சதவீதத்துக்கு மேல். அதாவது உங்கள் சுரம் 35, 40 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலேயும் கீழேயும் போய் வருகிறது, மெதுவில் நாலைந்து சென்ட்தான். கூடவே வாய் உங்களைப் பார்க்கும்போது சத்தம் கூர்மையாகிறது, திரும்பும்போது மங்குகிறது. கோரஸ் பெடலில் பாதிச் சத்தம் அசையாமல் அப்படியே நிற்கும், அசைகிற மீதி அதோடு கலக்கும். லெஸ்லியில் அசையாத பாதி என்று ஒன்று கிடையாது. போதாததற்கு, சுற்றுகிறவை இரண்டு.

கேள்வி: கிட்டாருக்கு அந்த டிரம் பகுதி தேவையா? நான் ஹார்ன் அளவை முழுசா ஏத்தி வெச்சுத்தான் வாசிக்கிறேன்.

தேவை. முதல் கம்பியில் 15ஆவது ஃப்ரெட்டை அழுத்துங்கள், அது 784 ஹெர்ட்ஸ். 800இல் பிரிகிறது என்றால், அதற்குக் கீழே நீங்கள் வாசிக்கும் அத்தனை சுரங்களின் அடிப்படையும் டிரம்முக்குத்தான் போகிறது, ஹார்னுக்குப் போவது மேல் ஸ்வரச் சாயல்கள் மட்டும். ஆர்கன்காரரைவிட நமக்கு டிரம் முக்கியம். 1967இல் ஃபெண்டர் கொண்டுவந்த வைப்ரடோன் என்ற சுழலும் ஸ்பீக்கர் பெட்டியில் ஹார்னே கிடையாது. ஒரு 10 அங்குல ஸ்பீக்கர், அதன் முன்னால் சுழலும் ஃபோம் டிரம், அவ்வளவுதான். கிட்டார்காரர்கள் அதை இன்றும் தேடுகிறார்கள். ஹார்னைப் பாதிக்கு இறக்கிவிட்டு ஒரு நாள் வாசித்துப் பாருங்கள், கார்டுகளின் அடிவயிறு நகர்வது கேட்கும்.

கேள்வி: எந்தப் பெடல் நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கடையில எல்லாமே நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுது.

இதுதான் இங்கே வந்த கேள்விகளில் நான் மிகவும் விரும்பியது. கடையில் எல்லோரும் வேகமான நிலையை வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள், அதில் எந்தப் பெடலும் தேறிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது வேகம் மாறும் நேரத்தை.

மெதுவில் வைத்து ஒரு ஈ மேஜர் கார்டை அடித்து அப்படியே நிற்க விடுங்கள். சுவிட்சை மிதியுங்கள். ஹார்ன் லேசானது, ஒரு வினாடி வாக்கில் வேகம் பிடித்துவிடும். டிரம் கனம், அதற்கு நாலைந்து வினாடி ஆகும். இடைப்பட்ட நேரத்தில் மேல் சத்தம் படபடக்க, கீழ்ச் சத்தம் இன்னும் மெல்ல உருண்டுகொண்டிருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் இழுபடும். லெஸ்லியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இறங்கும்போதும் இப்படித்தான், ஹார்ன் முதலில் அடங்கும், டிரம் பின்னால் வரும். ஒரு பெடலில் மேலும் கீழும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கினால், அதில் எத்தனை விளக்கு சுற்றினாலும் கீழே வைத்துவிடுங்கள். நியோ வென்டிலேட்டர், ஸ்ட்ரைமன் லெக்ஸ் என்ற இரண்டு ரோட்டரி பெடல்களுக்கும் இத்தனை பேர் காசு கொடுப்பது இந்த இழுபறியை ஒழுங்காகச் செய்வதற்காகத்தான்.

அடாப்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிய அன்றே பெடலுக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை மில்லியாம்ப், நடுவில் மைனஸா பிளஸ்ஸா. ரோட்டரி பெடல் எல்லாம் 9 வோல்ட் என்று நினைக்காதீர்கள், 12 கேட்பவையும் உண்டு.

கேள்வி: குறைந்த விலையில் எது அண்ணா?

மேலே சொன்ன ஈ மேஜர் சோதனையில் தேறுகிற எதுவும்.

கேள்வி: யூனி-வைப் வைத்திருக்கிறேன். அதுவும் லெஸ்லிதானே?

இல்லை. ஜப்பானின் ஷின்-ஈ செய்தது, உள்ளே ஒரு பல்பு மினுக்கி நாலு ஒளி உணரிகளை ஆட்டும், நாலு கட்ட ஃபேஸ் மாற்றம். 1969 உட்ஸ்டாக் இசைவிழாவில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது அதில்தான். அருமையான சத்தம், விற்றுவிடாதீர்கள். ஆனால் அதில் ஹார்ன், டிரம் என்ற பிரிவு இல்லை, அதனால் அந்த இழுபறியும் இல்லை.

கேள்வி: ஸ்டீரியோவில் வாசித்தால்தான் ரோட்டரி என்கிறீர்களா? எனக்கு இது வியாபாரப் பேச்சாகத் தெரிகிறது. லெஸ்லியில் ஒரே ஆம்ப், உள்ளே போவது ஒரே சிக்னல். மோனோ பெட்டியைப் போலச் செய்யும் பெடலுக்கு இரண்டு அவுட்புட் எதற்கு?

உள்ளே போவது மோனோதான், ஒத்துக்கொள்கிறேன். வெளியே வருவது மோனோ இல்லை. ஹார்ன் இடது சுவரைப் பார்க்கும்போது உங்கள் இடது காதும் வலது காதும் ஒன்றையே கேட்பதில்லை. ஸ்டுடியோவில் ஹார்னுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மைக்கும் டிரம்முக்கு ஒன்றும் வைப்பது பரவலான வழக்கம். நாம் இசைத்தட்டில் கேட்டு மயங்கிய சத்தங்களில் பல அந்த மைக்குகள் கேட்டவை.

அவரே மறுபடியும்: அப்படியென்றால் நீங்கள் போலச் செய்வது லெஸ்லியை இல்லை, மைக் வைத்த லெஸ்லியை. மேடையில் பெட்டிக்கு நேரே பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஸ்டீரியோ எங்கே?

அவருக்கு அறை இருக்கிறது. சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் நாலு சுவரிலும் பட்டு வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது, பத்தடி தள்ளியும் அது ஒரே புள்ளியிலிருந்து வருவதாகக் காது எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் கிட்டார் ஆம்ப் ஒரே திசையில் பார்த்து நிற்கிறது, சுவர்களைச் சுற்றி வந்து தொடுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இரண்டாவது அவுட்புட்.

இன்னொருவர்: நான் சர்ச்சில் வாசிக்கிறேன். ஸ்டீரியோவாக மிக்சருக்குக் கொடுத்தேன். ஹெட்போனில் பிரமாதம், ஹாலில் ஏதோ காற்று இறங்கின மாதிரி ஆகிவிட்டது. மேலே கேட்டவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ?

உங்கள் விஷயத்தில் இருக்கிறது. ஹாலின் ஸ்பீக்கர்கள் மோனோவில் ஓடுகின்றன என்றால், இடதும் வலதும் மிக்சரில் ஒன்றாகக் கலக்கின்றன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது, கூட்டினால் அசைவில் பாதி அடித்துப்போகிறது, நேரம் தள்ளி வருவதால் சில அலைவரிசைகளும் கழிந்துவிடுகின்றன. ஒரே ஒரு கேபிள் போடுங்கள், பெடலின் மோனோ அவுட்புட்டிலிருந்து. மோனோ பெட்டி என்று வாதாடிய நண்பரே, மோனோ ஹாலில் மோனோ என்பதில் உங்கள் பக்கம்தான் நான். இரண்டு ஆம்ப் வைக்க இடம் இருக்கிறவர் ஒரு முறை ஸ்டீரியோவில் வாசித்துவிட்டால் திரும்பிப் போக மாட்டார் என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன்.

கேள்வி: பெடல் எதுக்கு, அமெரிக்காவிலிருந்து நிஜ லெஸ்லியே வரவழைக்கலாமா?

ஆசை நியாயமானது, ஆனால் மூன்று விஷயம். அங்கத்திய பெட்டி 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் போட்டு வோல்ட்டை இறக்கிவிடலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. நம்ம 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும், அதற்கேற்ற கப்பி மாற்ற வேண்டும். அடுத்தது, 122 மாடலுக்கும் 147 மாடலுக்கும் ஒரே மாதிரி 6 பின் சாக்கெட், உள்ளே இணைப்பு வேறு. ஒன்றின் கேபிளை மற்றதில் சொருகினால் கருவி போய்விடும். மூன்றாவது, கிட்டாரை நேரே சொருக முடியாது, அதற்கான ப்ரீஆம்ப் வேண்டும். தூக்க ஆளும் வேண்டும், அந்தப் பெட்டி ஒரு மீட்டருக்கு மேல் உயரம்.

கேள்வி: பட்ஜெட்டில் நல்ல ரோட்டரி பெடல் ஒன்று சொல்லுங்களேன்?

மூன்றாவது கேள்வியின் பதில். முழுவதும் படியுங்கள்.

கேள்வி: டிராபார் 888 செட்டிங்குக்கு எந்த வேகம் சரி?

டிராபார் ஆர்கனில் இருப்பது. ஆர்கன் வாசிப்பவரிடம் கேளுங்கள், நான் கிட்டார்காரன்.

கேள்வி: பழைய வாவா பெடலின் அடாப்டர் சும்மா கிடக்கிறது, ரோட்டரிக்குப் போடலாமா?

அதற்குத்தான் மேலே சொன்னேன்: வோல்ட், மில்லியாம்ப், நடுமுனை, மூன்றையும் படியுங்கள். வாவாவுக்குச் சொற்ப மின்சாரம் போதும், டிஜிட்டல் ரோட்டரி அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். போதாவிட்டால் விட்டு விட்டு அணையும், இரையும். முனை மாறியிருந்தால் பெடலே போய்விடலாம். படிக்காமல் சொருகாதீர்கள்.

கேள்வி: ஓவர்டிரைவ், டிலே, ரிவர்ப் எல்லாம் வைத்திருக்கிறேன். ரோட்டரியை எங்கே சொருகுவது?

லெஸ்லியில் ஆம்ப் உறுமிய பிறகுதான் சத்தம் சுழலும் பகுதிக்குப் போகிறது. அதனால் ஓவர்டிரைவ் முன்னால், ரோட்டரி பின்னால். தலைகீழாக வைத்தால் ஏற்ற இறக்கத்தை டிரைவ் நசுக்கிச் சமமாக்கிவிடும், நீங்கள் காசு கொடுத்த அசைவு காணாமல் போகும். ரிவர்ப் என்பது அறை, அது கடைசியில். டிலேயை ரோட்டரிக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து சுற்றும், பின்னால் வைத்தால் சுற்றிய சத்தம் அப்படியே திரும்ப வரும். எனக்கு முன்னால் வைப்பதுதான் பிடிக்கும், குறிப்பாக மெதுவில் ஒரு கார்டை அடித்துவிட்டு எதிரொலி ஓடிக்கொண்டிருக்கும்போது வேகத்துக்கு மிதித்து, டிரம் முழு வேகம் பிடிப்பதற்குள் திரும்ப மெதுவுக்கு மிதிக்கும்போது.