உடைந்த கிரயான்களை ஓவன் இல்லாமல் வீட்டிலேயே உருக்கிப் புதிதாக்க முடியுமா?

தாராளமாக முடியும். அடுப்பும் இரண்டு பாத்திரங்களும் போதும். ஆனால் உருக்குவதைவிட, அதற்கு முன்னால் தரம் பிரிப்பதில்தான் காரியமே இருக்கிறது.

கிரயான் டப்பாவில் பெரும்பாலும் மூன்று வகை கலந்து கிடக்கும். நமக்கு வேண்டியது மெழுகு கிரயான். பாரஃபின் மெழுகில் நிறமி சேர்த்தது. ரப்பரால் அழிக்கக்கூடிய பிளாஸ்டிக் கிரயான் கொதிநீர்ச் சூட்டில் ஒழுங்காக உருகாது. ஆயில் பேஸ்டலில் எண்ணெய் உண்டு. அது சேர்ந்தால் கலவை நன்றாக இறுகாது. சந்தேகமாக இருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். மெழுகு கிரயான் சீவல் சீவலாக உதிரும், பேஸ்டல் குழைந்து நகத்தில் அப்பும், பிளாஸ்டிக்கில் கோடு மட்டும் விழும். துணியில் பட்டால் கழுவினால் போய்விடும் என்று அட்டையில் போட்டிருக்கும் கிரயான்களையும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் மூலப்பொருள் வேறு.

மேலே சுற்றிய காகிதம் சுலபமாக உரிய, வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவையுங்கள். பிறகு ஈரம் போகத் துடைத்துக் காயவைப்பது முக்கியம்.

நிறங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஒரு பக்கம்; நீலமும் பச்சையும் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சேற்று நிறம்தான் மிஞ்சும். எந்தக் குழந்தையும் தொடாமல் முழுசாகவே கிடக்கும் வெள்ளை கிரயானுக்கு இங்கேதான் வேலை: அடர்நீலத்தோடு சேருங்கள், அருமையான வான்நீலம் வரும்.

அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, துண்டுகளைப் போட்ட சிறிய பாத்திரத்தை அதற்குள் வையுங்கள். கிரயான் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகத் தொடங்கும். தண்ணீரோ 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் மெழுகு தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேற வழியில்லை. நேரடியாகத் தீயில் வைக்கவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உருக்குவதும் ஊற்றுவதும் பெரியவர்கள் வேலை. தரம் பிரிப்பதும் காகிதம் உரிப்பதும் குழந்தைகளுக்கு. உருக்கிய பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.

உருகிய நிறத்தை அப்படியே விட்டால் நிறமி அடியில் தங்கிவிடும். அந்தக் கட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். வெளிறிய பக்கத்தால் தீட்டினால் காகிதத்தில் வழுக்குமே தவிர நிறம் பிடிக்காது. ஆகவே ஐஸ் குச்சியால் கடைசி நொடிவரை கலக்கி, உடனே ஊற்றுங்கள். சிலிகான் சாக்லேட் அச்சு மிக வசதி. மெழுகு ஒட்டாமல் கழன்றுவிடும். மெழுகு உறையும்போது சுருங்குவதால் நடுவில் குழி விழும். மீதியிருப்பதைச் சூடாக ஊற்றி நிரப்பலாம். அவசரப்பட்டு ஃப்ரீசரில் வைத்தால் விரிசல் விடும். அறைச் சூட்டிலேயே ஆறட்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு உள்ளங்கையில் பொதியும் அளவில், தடிமனாக வார்த்துக்கொடுங்கள். மெல்லிய குச்சியைப் பிடிக்கத் தெரியாத விரல்களுக்கு அதுதான் வாகு. முழுசாக வாயில் போட்டு விழுங்கிவிடும் பயமும் குறைவு.

மிஞ்சிய மெழுகைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பாத்திரம் சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்தெடுத்தால் போதும்.