தோளுக்கு அருகே கை எலும்பு முறிந்தால் கம்பி வைப்பது போதுமா?

தோளை ஒட்டி மேல்கை எலும்பு முறிந்திருக்கிறது, பெரிய வெட்டு இல்லாமல் கம்பி வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பு அதிகம் விலகவில்லை என்றால் கம்பியே வேண்டாம். ஸ்லிங்கில் (கழுத்தில் மாட்டும் துணிப் பட்டையில்) கையைத் தொங்கவிட்டாலே பெரும்பாலும் கூடிவிடும்.

விலகியிருந்தால், மயக்க மருந்து கொடுத்து எலும்பை இழுத்துப் பொருத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி தோல் வழியாகக் கம்பிகளைச் செருகுவார்கள். சதையைப் பிரிக்காததால் எலும்பின் ரத்த ஓட்டம் அதிகம் கெடாது. இதன் பெரிய லாபமே அதுதான். ஆனால் எலும்பு கெட்டியாக இருக்க வேண்டும். எலும்பு மெலிந்த முதியவர்களுக்குக் கம்பி பிடிப்பில்லாமல் நகர்ந்துவிடலாம். அப்போது எலும்பில் திருகி வைக்கும் உலோகத் தகடோ (பிளேட்) செயற்கை மூட்டோ யோசிப்பார்கள். தோளின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பில் குத்திவிடாமல் செருகுவது கைதேர்ந்தவர் வேலை.

பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் கம்பியை எடுத்துவிடுவார்கள். அதுவரை கம்பி நுழைந்த இடத்தில் சிவப்போ சீழோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், அவர் சொன்னதும் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். தோள் சீக்கிரம் இறுகிவிடும்.