பில்டருக்குப் பின்னாடி ஒளியுற மயில் மீன்

கேள்வி: பீகாக் கோபிங்கிற மயில் மீன் ஒரு ஜோடி வாங்கி ரெண்டடி தொட்டியில விட்டிருக்கேன். வெள்ளை மணல், பளிச்னு எல்ஈடி லைட், நல்ல போர்ஸான பில்டர். ரெண்டும் பில்டருக்குப் பின்னாடியே கிடக்கு, கலர் மங்கிருச்சு, பெல்லட்டை, அதான் கடையில விக்கிற உருண்டைத் தீனிய, திரும்பிக்கூட பாக்கல. நோயா சார்? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: மூச்சு வேகமா வாங்குது, உடம்புல வெள்ளைப் புள்ளி இருக்குன்னா அது வேற விஷயம்மா. இல்லைன்னா மருந்து எதுவும் ஊத்திடாதீங்க, அது பயந்து போயிருக்கு அவ்ளோதான்.

இது எங்க வாழுற மீன்னு பாருங்க. பப்புவா நியூ கினியோட கிழக்குப் பக்கம், மூசா ஆறு ஓடுற ஓரோ மாகாணத்துப் பக்கமெல்லாம் மழைக்காட்டு அடிவாரத்துல சின்னச் சின்ன ஓடை, குட்டை இருக்கு, அங்க மரம் மேல மூடியிருக்கும், வெயில் அங்கங்க சொட்டு சொட்டாதான் விழும், தண்ணி மெதுவா நகரும், அடியில முழுக்க உதிர்ந்த இலையும் சுள்ளியும். அந்த இருட்டுல புழு பூச்சி புடிச்சுத் தின்னுட்டு வாழுற ரெண்டரை, மூணு இஞ்ச் மீன் இது. 1955ல தான் இதுக்கு டாட்டியூர்ண்டினா ஒசெல்லிகாடானு அறிவியல் பேரே வெச்சாங்க, அந்தப் பேரினத்துல இது ஒண்ணே ஒண்ணுதான். ஒசெல்லிகாடானா வால்ல கண் உள்ளதுனு அர்த்தம், வாலடியில இருக்கே அந்தக் கறுப்புப் பொட்டு, அதான்.

இன்னொண்ணு, இது நம்ம ஊர் உளுவை மீனுக்கு தூரத்து சொந்தம். உளுவைக்கு வயித்துத் துடுப்பு ரெண்டும் ஒட்டி ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும், இதுக்கு தனித்தனியா இருக்கும், அதனால ஸ்லீப்பர் கோபி வகையில சேக்குறாங்க. அசையாம கிடக்குற மீன்கள்ங்கிறதால அந்தப் பேர். ஆனா இது சுகமா இருந்தா தரைக்கு கொஞ்சம் மேல அப்படியே மிதந்துட்டு நிக்கும், நீலத்துல செவப்புக் கோடு கோடா, மயில்னு ஏன் சொல்றாங்கனு அப்பதான் புரியும்.

அதனால அந்த வெள்ளை மணல மாத்தி கறுப்பு இல்ல பழுப்பு மணல் போடுங்க, லைட்டக் குறைங்க, அந்த போர்ஸான பில்டருக்குப் பதிலா தண்ணிய மெதுவா இழுக்குற ஸ்பாஞ்ச் பில்டர் போதும். காஞ்ச பாதாம் இலை (நம்ம தெருவுல நிக்கிற வாதாங்கொட்டை மரம்தான், மருந்து அடிக்காத மரமா பாத்து எடுங்க) நாலஞ்ச கழுவிப் போடுங்க, தண்ணி டீ கலருக்கு வந்தா பயப்பட வேணாம். தீனிக்கு ஆர்ட்டீமியா, டாப்னியா (ரெண்டும் தண்ணியில நீந்துற இறால் வகைக் குட்டி உயிர்கள்), கொசுப்புழு. எங்கிட்ட இருந்த ஜோடியும் பெல்லட்டைத் தொடவே இல்ல, ஒரே ஒரு கொசுப்புழு நெளிஞ்சுட்டு இறங்குச்சு, கண்ணு மட்டும் உருண்டுச்சு, அடுத்த நொடி டக்குனு ஒரு பாய்ச்சல்! வெயில் காலத்துல தொட்டித் தண்ணி 30 டிகிரியத் தாண்டாம பாத்துக்கங்க, 22ல இருந்து 26 தான் இதுக்கு சுகம், ஒரு சின்ன ஃபேன் வெச்சாலே இறங்கும்.

கேள்வி: அப்போ குஞ்சு பொரிக்குமா?

பதில்: ஜோடியானு முதல்ல பாருங்க. ஆணுக்கு நெத்தி புடைச்சிருக்கும், பொண்ணுக்கு வயிறு மஞ்சள். ஓட்டை போட்ட கொட்டாங்குச்சிய கவுத்து வைங்க, உள் கூரையில முட்டைய ஒட்டிட்டு பொண்ணு போயிரும், அப்பன்தான் காவல். ஒரு வாரம் பத்து நாள் ராப்பகலா துடுப்பால விசிறிட்டே நிக்கும், பாக்கப் பாக்க மனசு இளகிடும். ஆசையில கொட்டாங்குச்சியத் தூக்கிப் பாத்துடாதீங்க, மிரண்டா முட்டையத் தின்னுரும், டார்ச்ச ஓரமா அடிச்சுப் பாத்தா போதும்.