கேள்வி பதில்: "ஜீனோடைப் டி-ன்னா துபாய்ல இருந்து வந்ததா?"

கேள்வி: சார், எனக்கு வயசு 41. ரத்தம் கொடுக்கப் போன இடத்துல ஹெபடைட்டிஸ் பி (ஈரலைத் தாக்கற வைரஸ்) பாசிட்டிவ்னு சொன்னாங்க, அப்புறம் எடுத்த டெஸ்ட்ல "ஜீனோடைப் டி"னு வந்துச்சு. என் மச்சான் நெட்ல தேடிட்டு, டி-ன்னா அரபு நாட்டுப் பக்கம் இருக்கறதுனு வீட்ல சொல்லிட்டாரு. நான் 2 வருஷம் துபாய்ல வேலை பார்த்தவன். இப்போ என் மனைவி என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதே இல்ல. இந்த வைரஸ் எங்கிருந்துதான் சார் வந்துச்சு?
பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: முதல்ல இந்தப் பக்கத்தை உங்க மனைவிகிட்ட கொடுங்க, அப்புறம் மச்சான்கிட்ட. ஜீனோடைப்ன்னா வைரஸோட வகை, அவ்வளவுதான். டி வகை அரபு நாடுகள்ல இருக்கறது நிஜம்தான், ஆனா இந்தியாவுலயும் அதிகமா இருக்கறது அதே டி-யும் ஏ-வும்தான், பெரம்பூரை விட்டு வெளியவே போகாத ஒருத்தருக்கும் டி வரலாம். அந்த ஒரு எழுத்தை வச்சு யார்கிட்ட இருந்து வந்துச்சு, எந்த வருஷம் வந்துச்சுன்னு எந்த லேப்பாலயும் சொல்ல முடியாது. பிறந்தப்பவோ கைக்குழந்தையா இருக்கும்போதோ தொத்தினா 10-ல 9 பேருக்கு அது உடம்புலயே தங்கிடும், பெரியவங்களா ஆனப்புறம் வந்தா பெரும்பாலானவங்களுக்கு தானா போயிடும். அதனால நீங்க பாஸ்போர்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே, நீங்க நடக்கப் பழகறப்பவே கூட அது உள்ள வந்திருக்கலாம்.

டி-ங்கற இந்த வகைப் பேர் எப்படி வருதுன்னா, வைரஸோட மொத்த மரபணு வெறும் 3,200 ரசாயன எழுத்துதான், நம்மளுது 300 கோடி. அது தன்னை காப்பி எடுக்கறப்போ ஆர்என்ஏவா மாறி திரும்ப டிஎன்ஏவா மாறும், நடுவுல பிழை திருத்த ஆளே கிடையாது, அப்படி சேர்ந்த பிழை ஏறக்குறைய 8 சதவீதத்தைத் தாண்டிட்டா வேற வகைனு வேற எழுத்தைப் பேரா கொடுத்துடறாங்க. ஏ-ல இருந்து எச் வரைக்கும் உறுதி, ஐ, ஜே-ன்னு ரெண்டையும் சேர்த்துச் சொல்றாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல ஈ, சீனா ஜப்பான் பக்கம் பி, சி, அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள்கிட்ட எஃப், எச்.

ஊர்ப் பேரை வச்சு ஏமாறக்கூடாதுங்கறதுக்கு இந்த வைரஸோட கதையே சாட்சி. 1960-கள்ல ப்ளம்பெர்க்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, நிறைய தடவை ரத்தம் ஏத்தின ஒரு ஹீமோபிலியா (ரத்தம் சரியா உறையாத நோய்) நோயாளியோட ரத்தத்தையும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தரோட ரத்தத்தையும் ஜெல்லுல பக்கத்துப் பக்கத்துக் குழியில விட்டாரு, நடுவுல வெள்ளையா ஒரு கோடு விழுந்துச்சு. அதுக்கு "ஆஸ்திரேலியா ஆன்டிஜன்"னு பேர் வச்சுட்டாங்க, நம்ம ஊர் பழைய டாக்டருங்க இப்பவும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா அது இந்த வைரஸோட மேல் உறைப் புரதம், வைரஸோ உலகம் பூரா இருந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1976-ல நோபல் கிடைச்சுது.

எவ்வளவு பழசுன்னா, செத்துப்போனவங்க பல்லுக்குள்ள ரத்தம் ஓடின தடம் இருக்கும்ல, அதைத் துளை போட்டு பொடி எடுத்து படிக்கறாங்க. 2021-ல வெளியான ஒரு ஆய்வுல 137 பழைய வைரஸ் மரபணுக்கள், அதுல பழசு சுமார் 10,500 வருஷம். இப்போ இருக்கற எல்லா வகைக்கும் பொது மூதாதை 12,000-ல இருந்து 20,000 வருஷத்துக்குள்ளனு கணக்கு. இத்தாலியில நேப்பிள்ஸ் சர்ச்சுல 16-ஆம் நூற்றாண்டுக் குழந்தையோட மம்மி ஒண்ணு இருக்கு, 2 வயசுதான் இருக்கும், முகத்துல கொப்புளம் பார்த்து பெரியம்மைனு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க. 2018-ல பார்த்தா ஹெபடைட்டிஸ் பி, அதுவும் டி வகை. அந்தக் குழந்தை எந்த நாட்டுக்குங்க வேலைக்குப் போச்சு? இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்குது.

மனைவி, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க எல்லாரும் ஒரு தடவை டெஸ்ட் எடுக்கட்டும், நெகட்டிவ்னா தடுப்பூசி போட்டுக்கட்டும். சேர்ந்து சாப்பிடறதால, ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்கறதால இது பரவாது.

கேள்வி: இத்தனை வகைன்னா தடுப்பூசியும் தனித்தனியா போடணுமா?
ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: வேண்டாம்மா. எல்லா வகையோட மேல் உறையிலயும் பொதுவா ஒரு பகுதி இருக்கு, ஊசி அதைத்தான் உடம்புக்கு அடையாளம் காட்டுது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் போட்டாங்களானு மட்டும் கேட்டுக்கோங்க.

கேள்வி: கீழாநெல்லி குடிச்சா போயிடுமா?
ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: நம்ம சென்னையிலயே சோதிச்சுப் பார்த்த விஷயம் இது, மெட்ராஸ் யுனிவர்சிட்டி தியாகராஜனும் அதே ப்ளம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க, முடிவு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அப்புறம் வேற இடங்கள்ல செஞ்சப்போ அந்தப் பலன் கிடைக்கல. டாக்டர் டெனோபோவிர் (வைரஸை அடக்கி வைக்கற மாத்திரை) கொடுத்திருந்தா கீழாநெல்லியை நம்பி அதை நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா வைரஸ் பொங்கி எழுந்து ஈரல் கெட்டுடலாம்.