‘நெகட்டிவ்’ வந்த பிறகும் பார்க்க வேண்டிய டெஸ்ட்: மறைந்திருக்கும் ஹெபடைடிஸ் பி

கேள்வி: அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். அடுத்த வாரம் கோவையில் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றப் போகிறார்கள். சின்ன வயதில் காமாலை வந்திருக்கிறதாம். ஹெபடைடிஸ் பி-க்கான எச்.பி.எஸ்.ஏஜி டெஸ்ட் நெகட்டிவ். பயமில்லைதானே? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி. எச்.பி.எஸ்.ஏஜி தேடுவது ரத்தத்தில் சுற்றும், வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும்தான். வைரஸின் டிஎன்ஏ கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வட்டமாகச் சுருண்டு பல ஆண்டுகள் கிடக்கும். அதை அடக்கி வைத்திருப்பது நம் எதிர்ப்பு சக்தி. ரிட்டுக்ஸிமாப், எதிர்ப்பு சக்தியின் பகுதியான பி செல்களைத் துடைத்தெடுத்துவிடுவதால் அந்தக் காவல் போய்விடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே இதற்காகக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது.

கேட்க வேண்டியது ‘ஆன்ட்டி எச்.பி.சி டோட்டல்’: இந்த வைரஸ் எப்போதாவது தொற்றியிருந்தால் உண்டாகும் ஆன்ட்டிபாடியைப் பார்க்கும் டெஸ்ட். சீட்டில் வெறுமனே ‘ஆன்ட்டி எச்.பி.சி’ என்றிருந்தால் சில லேபில் ஐஜிஎம் வகை ஆன்ட்டிபாடியை மட்டும் பார்த்துவிடுவார்கள். அது புதுத் தொற்றுக்கானது, பழையதைக் காட்டாது. ரத்தத்தை முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இம்யூனோகுளோபுலின் (பிறர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்ட்டிபாடி மருந்து) ஏற்றிய பின் எடுத்தால், தானம் கொடுத்தவரின் ஆன்ட்டிபாடியே அப்பாவுடையது போலக் காட்டும்.

டோட்டல் பாசிட்டிவ் என்றால், டிஎன்ஏ பிடிபடாவிட்டாலும் தடுப்பு மாத்திரை வேண்டும்: வழக்கமாக என்டெகாவிர் 0.5 மி.கி. தினம் ஒன்று. கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்) ஏறியிருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு போட வேண்டும். சோற்றோடு போட்டால் உடலில் சேருவது குறையும். இரவு படுக்கும் முன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பலர் கோட்டை விடுவது கடைசியில்தான். கீமோ முடிந்தது, இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கடைசி ரிட்டுக்ஸிமாப்புக்குப் பிறகு குறைந்தது 12 மாதம், பலரும் சொல்வது 18 மாதம் தொடர வேண்டும். நிறுத்திய பின்னும் ஒரு வருடம் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்), வைரஸின் டிஎன்ஏ இரண்டையும் பார்க்க வேண்டும். சிகிச்சை கோவையிலும் செக்கப் பாலக்காட்டிலும் என்றால், எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் எச்.பி.எஸ்.ஏஜி மார்த்தாண்டம் லேபில் நெகட்டிவ், திருவனந்தபுரத்தில் பாசிட்டிவ். எதை நம்புவது? (களியக்காவிளை)

பதில்: இரண்டையும் ஒதுக்கிவிட்டு டிஎன்ஏ பாருங்கள். மேலுறைப் புரதத்தில் 124 முதல் 147 வரையுள்ள அமினோ அமிலங்களில்தான் (புரதத்தின் கண்ணிகள்) பல டெஸ்ட் கிட்கள் வைரஸை அடையாளம் பிடிக்கின்றன. 145-ஆம் இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின் வந்துவிட்டால் பூட்டு மாறிவிடும். சில கிட்டின் சாவி நுழையாது. நகலெடுக்கும்போது வரும் பிழையை இந்த வைரஸின் நொதி திருத்துவதில்லை, அதனால்தான் இப்படிப்பட்ட மாற்றங்கள் வருகின்றன. மேலும், நொதிக்கான மரபணுவும் உறைக்கான மரபணுவும் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால், லாமிவுடின் என்ற ஹெபடைடிஸ் பி மாத்திரைக்கு எதிராக வைரஸ் மாறும்போது உறையும் சேர்ந்து மாறக்கூடும்.

ஆனாலும் ‘திடீர்மாற்றம்’ என்று கேட்டதும் மிரள வேண்டாம். மறைந்த தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது மாறாத சாதாரண வைரஸ்தான். அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவே. அவர்களிடம் வைரஸின் டிஎன்ஏ பொதுவாக ஒரு மி.லி.க்கு 200 ஐ.யு.வுக்கு (சர்வதேச அலகு) கீழே இருக்கும். அதைவிட மிக அதிகமாக வந்து, எச்.பி.எஸ்.ஏஜி மட்டும் நெகட்டிவ் என்றால்தான் உறை மாறிய வைரஸைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: டிஎன்ஏ அளவு பழைய ரிப்போர்ட்டில் ‘காப்பி’, புதியதில் ‘ஐ.யு.’ என்று இருக்கிறது. எப்படி ஒப்பிடுவது? (சித்தூர், ஆந்திரா)

பதில்: காப்பி எண்ணிக்கையைச் சுமாராக 5-ஆல் வகுங்கள், ஐ.யு. கிடைக்கும்.

கேள்வி: மூட்டுவலிக்கு நாலு மாதமாக ஸ்டீராய்டு. ஆன்ட்டி எச்.பி.சி டோட்டல் பாசிட்டிவ். கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தால் போதுமா? (குமுளி)

பதில்: போதாது. 1988-இல் சென்னை ஆய்வு ஒன்று கீழாநெல்லி மீது பெரிய நம்பிக்கை கொடுத்தது. பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 10 மி.கி.யோ அதற்கு மேலோ 4 வாரம் தாண்டினால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடி, எச்.பி.எஸ்.ஏஜி, டிஎன்ஏ பார்க்க வேண்டும். டிஎன்ஏ ஏறத் தொடங்கினால் காமாலைக்குக் காத்திராமல் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது; அடங்கியிருந்த எதிர்ப்பு சக்தி ஒரேயடியாக விழித்துக் கல்லீரலைத் தாக்குவது பெரும்பாலும் அப்போதுதான்.