அமெரிக்காவில் வேலை நேர்காணலுக்கு ஹிஜாபோடு போனால், அதைப் பற்றி நாமே முதலில் சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் வாய் திறக்காததைச் சாக்காக வைத்து வேலை மறுக்க முடியாது.

2008-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் சமந்தா எலாஃப் என்ற 17 வயதுப் பெண், அபர்குரோம்பி துணிக்கடை வேலைக்குக் கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு போனார். மதத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, கடையிலும் கேட்கவில்லை. நேர்காணல் செய்தவர் தகுதியானவர் என்றுதான் மதிப்பெண் போட்டார். மதத்துக்காக அணிகிறார் போலிருக்கிறது என்று மேலதிகாரியிடம் சொன்னதும், தொப்பி கூடாது என்ற கடை விதியைக் காட்டி வேண்டாம் என்றுவிட்டார் அவர். கடை தன் ஊகத்தின் பேரில் மறுத்தாலும் பாகுபாடுதான் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. 17 வயதில் தொடங்கிய விஷயத்துக்கு ஏழு வருடம் நின்றிருக்கிறார் அந்தப் பெண்!

சரி, வேலை கிடைத்த பிறகு? மதத்துக்காகக் கேட்கும் சலுகையைத் தந்தால் கஷ்டம் என்று நிறுவனம் சும்மா சொன்னால் போதாது, கணிசமான கூடுதல் செலவு என்று காட்ட வேண்டும் என 2023-இல் அதே நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு கிறிஸ்தவ தபால்காரர், பலன் நம் பெண்களுக்கும் சேர்த்துத்தான். இயந்திரத்தில் துணி சிக்கும் வேலை போன்றவற்றில் நிறுவனத்தின் பேச்சில் நியாயம் இருக்கலாம், அங்கேயும் இறுக்கமாக உள்ளே செருகிய ஹிஜாப் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். அப்புறம், 15 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு வேலையில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் இந்தக் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தாது, மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.